இரண்டாவது கிராங்க்

அன்று இரண்டாவது கிராங்க் மர்டோவின் உள்ளங்கையைத் தட்டியது. வழக்கமாக அவன்தான் அதைத் தட்டுவான். அது ஒருநாளும் திருப்பித் தட்டியதில்லை.

'லேடி மோராக்' நூற்றுப் பன்னிரண்டு வயதான நீராவிக் கப்பல். கோடை முழுக்கக் கிளைட் ஆற்று முகத்துவாரத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போய்வருவாள். அவளை ஓட்டுகிறவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை. வாரமெல்லாம் ஏதாவது மேசைக்குப் பின்னால் காலம் தள்ளிவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் எண்ணெய்க் கறை படிந்த நீல அங்கியை மாட்டிக்கொண்டு ஓடிவரும் பழைய நீராவிக் கப்பல் சங்கத்துப் பைத்தியங்கள். பெண்டாட்டி பிறந்தநாள் மறந்துபோகும், இந்த எஞ்சினை எந்தப் பட்டறையில் எந்த மாதம் வார்த்தார்கள் என்பது மறக்காது. மர்டோவும் அந்த ரகம்தான். நகராட்சியில் கோப்பு தள்ளுகிறவன். ஆனால் சனிக்கிழமைகளில் அவன் தலைமை எஞ்சினியர். தொப்பியில் நான்கு பொன்கோடுகள் உண்டு. மற்ற நாட்களில் அந்தத் தொப்பியை அவன் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தான்.

எஞ்சினின் மேல்பகுதியில் மூன்று சிலிண்டர்கள், கீழே குழிக்குள் ஒரே தண்டில் சுழலும் மூன்று இரும்புக் கிராங்குகள். ஆள் தொடை கனத்தில் இருக்கும் அவை நிமிடத்துக்கு எழுபது தடவை மேலே வந்து கீழே போகும். கால்மணிக்கு ஒருமுறை யாராவது பேரிங் சூடேறுகிறதா என்று பார்த்தாக வேண்டும். எஞ்சினை நிறுத்தாமல் கையாலேயே பார்ப்பார்கள். குழி ஓரத்தில் நின்று, கிராங்க் வரும் தாளத்துக்குக் கையை வீசி வீசிப் பழகி, அது மேலே எழும்பும் அரை நொடியில் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு வெளியே எடுத்துவிட வேண்டும். வெப்பமானி வைத்தால் என்ன என்று யாராவது கேட்டால், சங்கத்து ஆட்கள் கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அப்படியொரு வீம்பு.

முதல் கிராங்க் சரியாக இருந்தது, மூன்றாவதும் சரியாக இருந்தது. இரண்டாவதுதான் சரியில்லை. அது சுட்டிருந்தால் மர்டோவுக்கு நிம்மதியாகவே இருந்திருக்கும், எண்ணெயைக் கூட்டிவிட்டு வேகத்தைக் குறைத்திருப்பான். அது சுடவில்லை. மனிதக் கை எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது, இம்மிகூடக் கூடவில்லை, குறையவில்லை. அந்த அரை நொடியில் அவன் உள்ளங்கையோடு ஏதோ ஒன்று மெத்தென்று பொருந்தி, தெரிந்தவர்கள் தட்டுகிற மாதிரி ஒரு தட்டு தட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கிப்போனது.

கையை விளக்குக்கு அடியில் விரித்துப் பார்த்தான். எண்ணெய்ப் பூச்சில் நான்கு விரல் தடம். ஆள்காட்டி விரல் மட்டும் பாதியோடு நின்றிருந்தது.

"என்னய்யா, கையைக் கையைப் பார்த்துக்கிட்டு நிக்கிற?" பாய்லர் பக்கமிருந்து கரிபடிந்த முகத்தை நீட்டினான் ஃபிண்ட்லே. அடுப்புக்குக் கரி தள்ளுவது அவன் வேலை. "ஜோசியமா? ஆயுசு கெட்டியா இருக்கா?"

"உன் வேலையைப் பாருடா."

"சீஃப் சொன்னா சரி," என்று நக்கலாகச் சல்யூட் வைத்துவிட்டு அவன் மறைந்தான்.

மர்டோ துணியால் கையைத் துடைத்தான். தோல் சிவக்கிறவரை துடைத்தான். பாதி ஆள்காட்டி விரல் இந்தக் கப்பலில் ஒரே ஒருத்தருக்குத்தான் இருந்தது, லாக்லனுக்கு. இளவயதில் கப்பல் கட்டும் தளத்தில் இழந்த விரல். மிச்சமிருந்த கையைப் போன வருடம் ஜூன் மாதம், இதே இடத்தில், இதே இரண்டாவது கிராங்கிடம் இழந்தார். உயிரையும் சேர்த்து.

லாக்லன்தான் அப்போது தலைமை எஞ்சினியர். எழுபத்தொரு வயது. அவருக்கு ஒரு சட்டம் உண்டு. குழி ஓரத்து இரும்புத் தகடுகள் உலர்ந்து, மங்கிப்போய், அசிங்கமாகத்தான் இருக்க வேண்டும். 'தகடு மினுங்கினா எவனோ சாகப்போறான்னு அர்த்தம்' என்று கத்துவார். மர்டோவுக்கோ மினுங்க வேண்டும். நாடு முழுக்க இருக்கிற நீராவிக் கப்பல் ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் புகைப்படப் போட்டிக்கு அவர் இறந்த அன்றுதான் கடைசி நாள். முந்தின சாயங்காலம் எல்லாரும் போனபிறகு, சிலிண்டர் எண்ணெய் தோய்த்த துணியால் முட்டிபோட்டுக்கொண்டு தகடுகளைத் தேய்தேய் என்று தேய்த்தான். காலையில் சீக்கிரமே வந்து படம் எடுத்தான். சலவைச் சோடாத் தண்ணீர் போட்டு எண்ணெயை எடுத்துவிட நினைத்தான், நேரமாகிவிட்டது. என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டான்.

ஒன்பதரை மணிக்கு லாக்லன் கையை வீசிக்கொண்டு குழி ஓரம் வந்தார். கால் போனது. அவ்வளவுதான்.

விசாரிக்க வந்தவர்களிடம் மர்டோ உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதோடு நிறுத்தினானா என்றால் அதுவும் இல்லை. குனிந்த தலையோடு, வாய் கூசாமல், 'காலையிலேயே விஸ்கி வாடை அடிச்சுது, நான்தான் கண்டுக்காம இருந்துட்டேன்' என்று சொல்லி அழவும் செய்தான். பதினோரு வருடமாகச் சொட்டு தொடாத மனுஷன் லாக்லன். எஞ்சியிருந்ததை வைத்து எதையும் சோதிக்க முடியவில்லை. பாவம், கடைசியில் மறுபடி குடியில் விழுந்துவிட்டார் என்று ஊரே உச்சுக்கொட்டியது. அடுத்த மாதம் தொப்பி மர்டோவுக்கு வந்தது. போட்டியில் முதல் பரிசும் வந்தது. அந்தப் படத்தைச் சங்கம் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மேல்தளத்துத் தேநீர் அறையில் மாட்டிவைத்தது.

இதையெல்லாம் அவன் அன்று நினைக்க விரும்பவில்லை. நினைக்க வைத்தது அந்த வெதுவெதுப்பு. மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. எஞ்சின் அறைக்குத் தனிக் கூரை கிடையாது, கப்பலின் உள்தளத்தைப் பார்க்கத் திறந்தே இருக்கும். பயணிகள் சுற்றிலும் கம்பியில் சாய்ந்துகொண்டு கீழே வேடிக்கை பார்ப்பார்கள். அவர்கள் தின்னும் உருளைக்கிழங்கு வறுவலின் காடி வாடை, ஈர மழைக்கோட்டு வாடை, சுடு எண்ணெய், கரிப்புகை எல்லாம் கலந்து தலையைக் கிறுகிறுக்க வைத்தது. கம்பி ஓரத்தில் ஒருத்தன் நீளக் கோலின் நுனியில் ஒலிவாங்கியைக் கட்டித் தூண்டில்போல எஞ்சினை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தான். எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து வீட்டில் படுத்துக்கொண்டு கேட்கிற கூட்டம் ஒன்று உண்டு. கோல் நுனியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இடைத்துறையில் கப்பல் நின்றபோது இரும்பு ஏணியில் ஒரு பெண் இறங்கிவந்தாள்.

"மர்டோ அங்கிள்! அடையாளம் தெரியுதா?"

தெரிந்தது. லாக்லனின் மகள் மோர்வென். எண்ணெய்க் கப்பலில் எஞ்சினியர், உண்மையான எஞ்சினியர். அப்பா சாவுக்குக்கூட வர முடியாமல் எங்கோ நடுக்கடலில் இருந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும், அப்பன் தாடை, அப்பன் கண்.

"மோர்வென்! வாம்மா, வா. சொல்லியிருந்தா..."

"சங்கத்துல சொல்லிட்டேன். இன்னிக்கு ஒரு நாள் எஞ்சினை நான் ஓட்டிக்கிறேன்னு. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

அவன் சிரித்து வைத்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. கப்பல் கிளம்பியதும் அவள் நீராவிக் கைப்பிடியைப் பிடித்த லாகவத்தைப் பார்த்து மேலே நின்ற ரசிகர் கூட்டம் முணுமுணுத்தது. கால்மணி ஆனது. மோர்வென் கைப்பிடியை அவனிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழிப்பக்கம் போனாள்.

"நான் பாக்குறேம்மா. உனக்கு எதுக்கு வீண் சிரமம்."

"இதைவிடப் பெருசெல்லாம் தொட்டவ நான். சும்மா இருங்க."

முதலாவது. மூன்றாவது. பிறகு இரண்டாவதின் முன்னால் நின்று கையை வீசினாள். தொட்டாள். எடுத்துவிடுவாள் என்று பார்த்தான், எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த சுற்றுக்கும் கை போனது, அதற்கடுத்ததற்கும். எட்டுச் சுற்று. ஒவ்வொரு தொடுகைக்கும் இரும்பில் பட்ட சத்தமே வரவில்லை. கையோடு கை சேர்ந்தால் வருமே, அந்த ஈரமான 'பட்' சத்தம்தான் வந்தது.

திரும்பி வந்தாள். கையைத் துடைக்கவில்லை. மூடியே வைத்திருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றான் மர்டோ.

"சூடே இல்லை. நல்லாயிருக்கார்."

நல்லாயிருக்கு என்றுதானே சொல்ல வேண்டும் என்று அவன் கேட்கவில்லை.

தீவுத்துறையில் கப்பல் அரைமணி நேரம் நிற்கும். 'வாங்க, டீ குடிக்கலாம்' என்று அவள்தான் மேலே கூட்டிப்போனாள். ஆளுக்கொரு கோப்பையும் பன்றி இறைச்சி வைத்த ஒரு ரோலும் வாங்கிக்கொண்டு, இடம் தேடுகிற மாதிரி நடந்து, சரியாக அந்தப் படத்துக்கு அடியில் உட்கார்ந்தாள். இடது கையால் குடித்தாள். வலது கை மூடியபடியே மேசைமேல் கிடந்தது.

"இந்தப் போட்டோ நீங்க எடுத்ததா அங்கிள்?"

"ஆமா. முதல் பரிசு." அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப்பார்த்ததை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

"கீழே தேதி போட்டிருக்கு. நேரம்கூட. காலை எட்டு நாப்பது." ரோலை ஒரு கடி கடித்து நிதானமாக மென்றாள். "அப்பா செத்தது ஒன்பதரைக்கு. தகடு மினுங்குது பாருங்க. விளக்கு அப்படியே தலைகீழாத் தெரியுது."

"அது... கேமரா வெளிச்சம்மா. படத்துல அப்படித்தான் விழும்."

"ஓகோ." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒரு வருஷமா எனக்குத் தூக்கம் இல்லை. நான் கடலுக்குப் போனதாலதான் தனியாக் கிடந்து மறுபடி பாட்டிலைத் தொட்டுட்டாரோன்னு தினம் அழறேன். அன்னிக்கு அப்பா குடிச்சிருந்தாரா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெண் தூங்குவாள் என்று மர்டோவுக்குத் தெரிந்தது. சொன்னால் தொப்பி போகும், பெயர் போகும், இந்தக் கப்பலில் கால் வைக்க விடமாட்டார்கள் என்பதும் தெரிந்தது.

"குடிச்சிருந்தாரும்மா," என்றான். "நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்? ரெண்டு வாட்டி நானே தாங்கிப் பிடிச்சேன்."

மோர்வென் கோப்பையை வைத்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. "சரி. வாங்க, கிளம்பற நேரமாச்சு."

ஏணியில் இறங்கும்போதே ஃபிண்ட்லேயின் சத்தம் கேட்டது. "யோவ் மர்டோ! தகட்டைத் தேய்ச்சு வெச்சது நீயா? மூஞ்சி தெரியுதுய்யா! வழுக்கி விழுந்து எவனாவது சாகறதுக்கா?"

தகடுகள் மினுங்கின.

குழி ஓரம் முழுக்க. ஒரு கால்தடம் இல்லை, ஒரு கரித்தூள் இல்லை. விளக்குகள் அதற்குள் தலைகீழாகத் தொங்கின. சிலிண்டர் எண்ணெயின் அந்தக் கனத்த, இனித்த வாடை.

"நான் இல்லை," என்றான் மர்டோ.

"பின்ன யாரு, நானா? இந்த வியாதி உனக்கு மட்டும்தானே உண்டு." ஃபிண்ட்லே காறித் துப்பிவிட்டுப் பாய்லருக்குப் போனான்.

மர்டோ மெல்ல மோர்வென் பக்கம் திரும்பினான். "நீயா?"

"நான் உங்க கூடத்தானே டீ குடிச்சேன், அங்கிள்."

மேலிருந்து மணி அடித்தது. அவள் கைப்பிடியை இழுத்தாள். எஞ்சின் பெருமூச்சு விட்டது. மூன்று கிராங்குகளும் அசைந்தன. மழை வலுத்திருந்தது; பயணிகள் எல்லாரும் உள்ளே ஒதுங்கியதில் கம்பியைச் சுற்றி ஒரே முகங்களாக இருந்தன. கால்மணியை எண்ணிக்கொண்டே அவன் பாய்லர் சுவரோடு முதுகை ஒட்டி நின்றான். சூடு முதுகைச் சுட்டது. நகரவில்லை.

"நேரமாச்சு அங்கிள். தொட்டுப் பாருங்க."

"நீயே பாரும்மா."

"நான் பார்த்துட்டேன். என் கையைப் பிடிச்சார், தடவிக் கொடுத்தார், விட்டுட்டார்." அவள் குரல் லேசாக உடைந்து, உடனே கெட்டியானது. "உங்களைத்தான் கேக்கறார்."

"என்னம்மா பேசற நீ?"

"போக வேண்டாம்னா சொல்லிடுங்க. சத்தமாச் சொல்லுங்க, மேல இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும். அப்பா குடிக்கலைன்னு."

மர்டோ வாயைத் திறந்தான். தலைக்கு மேலே ஒலிவாங்கி நீண்டிருந்தது. சிவப்பு விளக்கு. "கைவெச்சுப் பார்க்கப் போறாரு, கைவெச்சுப் பார்க்கப் போறாரு," என்று யாரோ பக்கத்தில் இருப்பவருக்குச் சொன்னார்கள். கூட்டம் அமைதியானது. ஐம்பது அறுபது ஜோடிக் கண்கள். தலையில் நான்கு பொன்கோடுத் தொப்பி.

வாயை மூடிக்கொண்டு குழியை நோக்கி நடந்தான்.

பாதத்தை அழுத்தி அழுத்தி வைத்தான். முழங்கால் உயரத்துப் பித்தளைக் கம்பியை இடது கையால் இறுகப் பற்றிக்கொண்டான். முதலாவது, எண்ணெய், இரும்பு, சரி. மூன்றாவது, சரி. ஒன்றும் இல்லை, எல்லாம் பிரமை, இந்தப் பெண்ணும் சேர்ந்து கிறுக்காக்குகிறாள் என்று சொல்லிக்கொண்டான். இரண்டாவதின் தாளத்துக்குக் கையை வீசினான்.

பட்.

ஒரு தட்டு. அவ்வளவுதான். கையை இழுத்துக்கொண்டான். இழுத்துக்கொண்டதாக நினைத்தான்.

கை மறுபடி போனது.

எட்டு வருடம் பழக்கின கை. தாளம் கேட்டால் தானாக நீளும் கை. அவன் பேச்சைக் கேட்கவில்லை.

பட். இந்த முறை விரல்கள் மடங்கின. மூன்று நீளம், ஒன்று பாதி. ஒரு சாண் தூரம் கூட்டிப்போய், பிறகு விட்டன.

பட். ஒன்றரைச் சாண். தோள் இழுபட்டது. கால் நழுவியது. கம்பி கையிலிருந்து வழுக்கியது.

மேலே கைதட்டினார்கள். என்ன அழகாகச் செய்கிறார் பாருங்கள் என்று ஒரு பெண்குரல் மெச்சியது.

"நான்தான்!" மர்டோ கத்தினான். "நான்தான் தேய்ச்சேன்! அவர் குடிக்கலை! குடிக்கவே இல்லை!"

எஞ்சின் இரைச்சல் அதை விழுங்கியது. ஆனால் மோர்வெனுக்குக் கேட்டது. அவள் கண்கள் நிறைந்தன. உடனே இரண்டு கையாலும் கைப்பிடியைத் தள்ளி நீராவியை முழுக்க அடைத்தாள். அழுத்தமானியின் முள் இறங்கியது. இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. இரைச்சல் அடங்கியது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நிசப்தத்தில் அவன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் கேட்டது. "நான்தான்... அவர் குடிக்கலை... விட்டுருங்க லாக்லன், நான்தான் சொல்லிட்டேனே... சொல்லிட்டேனே..."

யாரும் கைதட்டவில்லை.

பட்.

ஃபிண்ட்லே ஓடிவந்தான். "நிறுத்தும்மா! எஞ்சினை நிறுத்து!"

"நிறுத்திட்டேன்," என்றாள் மோர்வென்.

முதலாவது கிராங்க் நின்றிருந்தது. மூன்றாவதும் நின்றிருந்தது. நீராவி இல்லாமல், சத்தம் இல்லாமல், இரண்டாவது மட்டும் மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது. மர்டோவின் கை அதை வரவேற்க நீண்டது. மினுங்கும் தகட்டில் அவன் பூட்ஸ் கால்கள் இன்னொரு அங்குலம் முன்னால் வழுக்கின. தகட்டுக்குள் தலைகீழாகத் தெரிந்த அவன் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கிழட்டு முகம், அண்ணாந்து, பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலே கோல் நுனியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.